வண்டியை நான் விற்கவில்லை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் முன்னைவிடப் பரவாயில்லை. லிப்ட் பழுதாகி மறுபடியும் திருத்திவிட்டார்கள். மற்றப் புதினங்களைப் பிறகு எழுதுகிறேன். முதலில் நீ அனுப்பிய செய்திக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"அந்த லெகோ வண்டியை யாருக்காவது விற்றுவிடுங்கள் அப்பா, வீட்டில் இடமாவது மிஞ்சும்" என்று உன் சிறுவயது விளையாட்டு ரயிலைப் பற்றி எழுதியிருந்தாய். இடம் போதவில்லை என்று நாங்கள் எப்போதாவது சொன்னோமா? பெட்டி அலுமாரிக்கு மேலே பேசாமல் இருக்கிறது. யாருக்கும் இடைஞ்சல் இல்லை. போன தடவை வந்தபோதுகூட, அடுத்த முறை கட்டாயம் கொண்டுபோவேன், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள் என்று நீதான் சொல்லிவிட்டுப் போனாய். வாட்ஸ்அப்பில் பதில் எழுத உட்கார்ந்தேன், சரியாக வரவில்லை. தொலைபேசியில் என்றால் நான் தொடங்கும்போதே "சரி அப்பா, பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். ஆகவே கடிதம்.

நீ சொன்ன சொல்லை நான் தட்டவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பிள்ளையை வரவழைத்தேன். வங்கியில் வேலை, இப்படிப்பட்ட பழைய செட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர். உன்னைவிட ஓரிரண்டு வயது கூடவோ குறையவோ இருக்கும். வந்தவர் கதிரையில் உட்காரவே இல்லை, நேரே தரையில் அமர்ந்துவிட்டார். மோட்டரை உள்ளங்கையில் வைத்து, தலைகீழாகத் திருப்பி, சக்கரத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தை நகத்தால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். வெடிக்கவில்லை, இளகவும் இல்லை. வெள்ளவத்தைக் கடற்காற்றில் இது இப்படி இருப்பது அதிசயம் என்றார். அதிசயம் ஒன்றும் இல்லை. நான் அதைப் பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி, பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். தண்டவாளத்தின் உலோகப் பட்டியையும் இடைக்கிடை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வருகிறேன். நீ கொண்டுபோகப்போகிறாய் என்று நினைத்துத்தான்.

அந்தப் பிள்ளை நல்ல விஷயகாரர். 1966இல் நீலத் தண்டவாளமும் 4.5 வோல்ட் பற்றரி வண்டியுமாக இது தொடங்கியது, பிறகு தண்டவாளத்தின் நடுவே மின்பட்டி வைத்து 12 வோல்ட் வந்தது, 1980இல் சாம்பல் நிறத் தண்டவாளம் வந்தது என்று ஒன்றும் விடாமல் சொன்னார். அந்த 1980க்குப் பிந்திய செட்டுகளைப் பற்றிப் பேசும்போது அவருடைய முகமே மாறிவிட்டது. மேசையில் இருந்தபடி பொத்தானை அழுத்தினால் தடம் மாறுமாம், கைகாட்டி சிவப்புக்குப் போனால் அந்த இடத்தில் வண்டி தானே நிற்குமாம், கடவையின் படலையும் பொத்தானை அழுத்தினால் விழுமாம். எங்கள் ஜேர்மன் சித்தப்பா வீட்டில் இருந்தது அதுதான் என்று சொன்னேன். இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அவருக்குச் சிறுவயதில் ஒன்றும் கிடைக்கவில்லை. யாரோ கொண்டுவந்த ஒரு விலைப்பட்டியல் புத்தகத்தைத்தான் பார்த்துப் பார்த்து வளர்ந்தாராம். இப்போது சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு துண்டாக வாங்குகிறார். உன்னுடையது 1991இல் வந்த, தண்டவாளமே மின்சாரம் கொடுக்கும் 9 வோல்ட் வகை என்றும், 2007இல் அதை நிறுத்தப்போவதாக டென்மார்க்கிலிருக்கும் லெகோ கம்பனி அறிவித்துவிட்டது என்றும், அதன் பிறகு எல்லாம் பற்றரியும் வெறும் பிளாஸ்டிக் தண்டவாளமும்தான் என்றும் சொன்னார். விற்றவர்களே பிறகு தேடி அலைகிறார்களாம்.

விலையும் கேட்டார். நல்ல விலை. மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை, ஒரு சுற்று ஓடவிடலாமா என்று மட்டும் கேட்டார். பதினாறு வளைவுத் துண்டுகளையும் கூடத்தில் வட்டமாகப் பூட்டினோம். வேகத் திருகைச் சற்றே வலப்பக்கம் திருப்பியதும் ஓடியது, தம்பி. அதே சத்தம். அம்மா குசினியில் இருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

நான் விற்கவில்லை. விற்கவும் மாட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இது வெறும் விளையாட்டுச் சாமான் என்று நீ சொல்லலாம். நீ சொல்லக் கூடாதவன். தண்டவாளத்தை வளைத்துக் கொண்டுபோய் அதே பாதையில் திரும்பச் சேர்த்தால் வண்டி ஏன் செத்துவிடுகிறது என்று யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்தவன் நீ. சித்தப்பாவுக்கே தெரியவில்லை. கொப்பித் தாளில் இடது தண்டவாளத்துக்குச் சிவப்புப் பென்சில், வலதுக்கு நீலப் பென்சில் என்று கோடு போட்டுக்கொண்டு போனாய். வளைந்து திரும்பி வந்த இடத்தில் சிவப்பு நீலத்தில் போய் முட்டியது. "அப்பா, இரண்டு கரண்டும் ஒன்றோடொன்று இடிக்கின்றன" என்று ஓடி வந்தாய். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு உன்னை அனுப்பும் முன்பே எனக்குத் தெரியும் நீ மின்பொறியியலுக்குத்தான் போவாய் என்று. உன்னைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அந்தப் பென்சில் கதையைத்தான். வேலை, வீடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1990இல் யாழ்தேவி ரயில் வடக்குக்குப் போவது நின்ற பிறகு, நீ இந்தக் கூடத்தில் அதை ஓட்டினாய். கனடா கொழும்புத் திட்ட உதவியில் தந்த பழைய எஞ்சின்களுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர் என்று நான் சொல்லப்போக, உன் எஞ்சினுக்கும் அல்பேர்ட்டா என்று பெயர் வைத்தாய். மாகோ, அநுராதபுரம், வவுனியா என்று கத்திக்கொண்டே வருவாய். சாப்பாட்டு மேசையின் கீழ் யாழ்ப்பாணம், அதைத் தாண்டி அம்மம்மாவுக்காகக் கொண்டாவில். பார்த்தறியாத நிலையங்களை எல்லாம் ஒழுங்கு பிசகாமல் சொல்வாய். அம்மம்மா அழுததும் உனக்கு ஞாபகம் இருக்கும். 2014 ஒக்டோபரில் உண்மையான வண்டி மறுபடி யாழ்ப்பாணம் போனபோது நான் முதலில் அழைத்தது உன்னைத்தான். நீ அப்போது எவ்வளவு நேரம் கதைத்தாய்! எந்த நிலையத்தில் நின்றது, புதுத் தண்டவாளம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். இப்போது உன்னோடு கதைப்பது முழுவதும் "ம்", "சரி", "பார்க்கலாம்" என்ற மூன்று சொல்லுக்குள் முடிந்துவிடுகிறது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் கண் விழிக்காதே. போன தடவை படத்தில் பார்த்தபோது கழுத்து எலும்பு தெரிந்தது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை, அவளும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அவள் விரதம் பிடித்தாள்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். 1996 ஜூலையில் தெஹிவளை நிலையத்தில் வண்டியில் குண்டு வெடித்த மாலை நான் நேரம் பிந்தி வீட்டுக்கு வந்தேன். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை பார்த்தால் நீ தண்டவாளத்தை எல்லாம் கழற்றி, துண்டு துண்டாக அடுக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தாய். ஏன் என்று கேட்டேன். "தண்டவாளம் பழுது அப்பா, எறிந்துவிடலாம்" என்றாய். ஒரு பழுதும் இல்லை, நான் பூட்டிப் பார்த்தேன். நீ அழவில்லை, பயமாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. வண்டியைத்தான் மூடி வைத்தாய். நான் காலையில் வேலைக்குப் போகும்போது மட்டும் வாசலில் வந்து நிற்பாய். அந்த வருடம் மின்வெட்டு வேறு. பெட்டியை மறுபடி வெளியே எடுத்ததும் ஒரு மின்வெட்டுக் காலத்தில்தான். திருகை மூடாமல் நீ படுத்துவிட்டாய், நடு இரவில் மின்சாரம் வந்ததும் இருட்டில் அது தானாக ஓடத் தொடங்கியது. அம்மா பயந்து எழும்பிவிட்டாள். நீ சிரித்த சத்தத்தை அன்றுதான் வெகு நாட்களுக்குப் பிறகு கேட்டோம்.

ஆகவே நீ வண்டியை விற்கச் சொன்னால், அது இடத்துக்காக அல்ல என்று எனக்குத் தெரியும். என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை. நீ சொல்லும்போது சொல்.

உன் மகன் சின்னவன் 2019இல் வந்தபோது தன் புது வண்டியைக் கொண்டுவந்தானே, புளூடூத்தில் ஓடுகிறது. அதையும் இதையும் சேர்த்துப் பூட்டினீர்கள். அவனுடைய பிளாஸ்டிக் தண்டவாளம் உன் உலோகத் தண்டவாளத்தோடு அச்சொட்டாகப் பொருந்தியது. அவனுடைய வண்டி பற்றரியைத் தன் வயிற்றிலேயே வைத்திருப்பதால் இரண்டிலும் ஓடியது. அல்பேர்ட்டா பிளாஸ்டிக்கைத் தொட்டதும் நின்றுவிட்டது. சின்னவன் அதைப் பின்னால் இருந்து விரலால் தள்ளி, சுற்றிக் கொண்டுவந்து, மறுபடி உலோகத்தில் ஏற்றிவிட்டான். ஒவ்வொரு சுற்றும் அப்படியே தள்ளினான், அலுக்கவே இல்லை. அது யாருடைய குணம் என்று மருமகள் உன்னைப் பார்த்துச் சிரித்தாள். அவன் என்னைக் கேட்டு வாக்கு வாங்கியிருக்கிறான் தம்பி, இது தனக்கென்று. நீ கொடுக்கச் சொன்னாலும் அவனைக் கேட்காமல் கொடுக்க முடியாது. அவன் எப்படி இருக்கிறான்? அவனுடைய படம் ஒன்றாவது அனுப்பு. கடைசியாக வந்தது பள்ளிக்கூட உடுப்போடு எடுத்தது. இப்போது அந்தக் காற்சட்டை அவனுக்கு அளவாக இருக்காது.

முன்பெல்லாம் நீ அழைத்தால் பின்னால் குசினிச் சத்தம் கேட்கும். மருமகள் "மாமா, மருந்து குடித்தீர்களா" என்று கேட்பாள். கொஞ்சக் காலமாக நீ காரில் இருந்துதான் அழைக்கிறாய். கார் ஓடுகிற சத்தமும் இல்லை. அம்மா அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேலையில் ஏதாவது என்றாலும், வீட்டில் ஏதாவது என்றாலும், இரண்டுமே என்றாலும், எங்களுக்கு நீதான் முக்கியம். பம்பலப்பிட்டி விஷயத்தின்போது மாமா ஒருவரிடமும் சொல்லாமல் தனியே சுமந்து கடைசியில் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். அதுபோல நீ செய்யாதே. பணம் என்றால் நிரந்தர வைப்பு முதிர்ந்து கிடக்கிறது, அதை யாருக்காகச் சேர்த்தோம்? வருவதென்றால் உன் அறை அப்படியே இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு வந்து இருந்துவிட்டுப் போவதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. ஊரார் கேட்டால் அப்பாவுக்குச் சுகமில்லை, பார்க்க வந்தேன் என்று சொல். நானும் அப்படியே சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு நாளை தொலைபேசியில் சொல்லிவிடுவேன். ஆனால் அவரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன், வாங்குவதற்கு அல்ல. நமது இரண்டு தடமாற்றிகளில் ஒன்று இறுகிப்போயிருக்கிறது. கழற்றிப் பார்க்கலாம் என்றார். எனக்கு இப்போது அந்தச் சின்னப் பாகங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீ இருந்தால் நீயே செய்திருப்பாய்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, திரும்பவும் சொல்கிறேன். நித்திரை முக்கியம். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அம்மா மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போவாள். ஐந்தரைக்குப் போனால் ஏழு மணிக்கு முன் திரும்ப மாட்டாள். மெல்பேர்ணில் அப்போது இரவு பத்து மணிக்கு மேல், நீ காரில் இருக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் எடு. நான் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருப்பேன். நீ கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, வைத்துவிடாமல் இரு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: சின்னவனிடம் சொல், அல்பேர்ட்டா ஓடுகிறது என்று.