தூக்குத் தீர்ப்புக்குப் பிறகு நடப்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறார் மீதான வன்கொடுமைகள் குறித்துத் தங்கள் இதழில் அண்மையில் வெளியான வாசகர் கடிதங்களில் பலவும், குற்றவாளிகளை உடனே தூக்கிலிட வேண்டும் என்ற கோரிக்கையோடுதான் முடிந்திருந்தன. அந்தச் சினத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் ஈரோட்டில் குற்றவியல் வழக்குகளை நடத்திவருபவன் என்ற முறையில், தூக்கு என்று அறிவிக்கப்பட்ட நம் பகுதி வழக்குகள் பின்னர் எங்கே போய் நின்றன என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2000 பிப்ரவரியில் தருமபுரி அருகே பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டதில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியர் மூவர் உயிரிழந்தனர். 2007இல் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும், 2010இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. தூக்குத் தண்டனை வழக்குகளில், தீர்ப்பை அதே நீதிமன்றம் மறுபடி பார்க்கக் கோரும் சீராய்வு மனுக்களைத் திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று 2014இல் விதி மாறியது. அப்படிச் சீராய்வில் வாதம் கேட்ட அதே உச்ச நீதிமன்றம் 2016இல், முன்கூட்டித் திட்டமிடாமல் கும்பல் வெறியில் நடந்தது என்று கூறித் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் பேருந்து நிலையம் அருகே நடந்த சாதி ஆணவக் கொலையில், 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு என்றது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் ஐவரின் தண்டனையைக் குறைத்தது, பெண்ணின் தந்தையை விடுதலையே செய்தது. 2010இல் கோவையில் பள்ளிச் சிறார்களான அக்காளும் தம்பியும் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கு இன்னும் கடினமானது. பிடிபட்டவர்களில் ஒருவர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டபோது நகரில் பட்டாசு வெடித்தவர்கள் உண்டு. மற்றவர் குற்றவாளிதான் என்பதில் 2019இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூவரும் ஒத்துப்போனார்கள்; தண்டனையில் இருவர் தூக்கு என்றார்கள், ஒருவர் ஆயுள் என்றார். ஒரு மனிதனின் உயிர் இரண்டுக்கு ஒன்று என்ற வாக்குக் கணக்கில் முடிவாவதை எப்படி நியாயப்படுத்துவது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

தண்டனை குறித்த விசாரணை கீழமை நீதிமன்றத்தில் எப்படி நடக்கிறது என்பதை வாசகர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். முற்பகலில் குற்றவாளி என்று அறிவித்துவிட்டால், பெரும்பாலும் பிற்பகலிலேயே தண்டனை பற்றிய கேள்வி வந்துவிடும். கூண்டில் நிற்பவர் கை கூப்பி, ‘வயசான அம்மா இருக்குதுங்க சாமி, பொம்பளப் புள்ளைக ரெண்டு இருக்குதுங்க, கொறச்சுக் குடுங்க’ என்பார். அது ‘குறைந்தபட்சத் தண்டனை கோருகிறார்’ என்று ஒரே வரியில் பதிவாகும். அவர் எந்த வகுப்போடு பள்ளியை விட்டார், எந்த வயதில் வேலைக்கு அனுப்பப்பட்டார், தலையில் அடிபட்டதுண்டா, மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா என்பதையெல்லாம் தேடி எடுத்து நீதிபதி முன் வைக்க அங்கே எவரும் இல்லை. ‘அரிதினும் அரிதான’ வழக்கில் மட்டுமே தூக்கு என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் வகுக்கப்பட்ட நெறி, குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியையும் எடைபோடச் சொல்கிறது. அந்த மனிதனைப் பற்றிய ஒரு தாள்கூடக் கோப்பில் இல்லாதபோது எதை எடைபோடுவது? சிறை நடத்தை அறிக்கை, உளவியல் மதிப்பீடு, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை ஆகியவற்றை விசாரணை நிலையிலேயே பெற வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொல்வதற்கு ஆள் இருந்தது. செய்வதற்கு ஆள் வேண்டும்.

மரண தண்டனையை எதிர்க்கும் நம்மவர்களோடு எனக்குள்ள மனத்தாங்கலும் இங்கேதான் இருக்கிறது. 2011இல் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டபோது தமிழகமே திரண்டது, சட்டமன்றம் தீர்மானம் போட்டது, கருணை மனுக்களின் நீண்ட தாமதத்தைக் காரணம் காட்டி 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்களின் தண்டனையைக் குறைத்தது. அது பெரிய வெற்றி. ஆனால் யாரும் பெயர் அறியாத ஒரு கூலித் தொழிலாளிக்காக அப்படி யார் திரளப்போகிறார்கள்? டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, தூக்குத் தண்டனைக் கைதிகளில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். இவர்களுக்கு உதவி தேவைப்படுவது கடைசி வாரத்தில் அல்ல, முதல் மாதத்தில்.

தொழிற்சங்கப் போராட்டத்தையொட்டிய கொலை வழக்கில் சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டதை நாம் இன்னும் நினைவுகூர்கிறோம். அங்கே மலர் தூவும் நம்மில் சிலர், வேறொரு வழக்கில் தூக்குக் கேட்டு முழக்கமிடவும் தயங்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

‘ஆயுள் என்றால் சில ஆண்டுகளில் வெளியே வந்துவிடுகிறார்களே’ என்ற மறுப்பு வெறும் பேச்சல்ல. தருமபுரி வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் 2018இல் அரசால் முன்விடுதலை செய்யப்பட்டது பலரைப் புண்படுத்தியது, என்னையும் சேர்த்துத்தான். அதற்கு விடை தூக்குக் கயிறு அல்ல. தண்டனைக் கழிவு, அதாவது சிறைக்காலக் குறைப்பு, இல்லாமல் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குச் சிறை என்று உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் விதிக்கலாம் என்பதை 2015இல் அரசியல் சாசன அமர்வே ஏற்றுள்ளது. உடுமலை வழக்கில் விதிக்கப்பட்ட 25 ஆண்டுகள் அப்படிப்பட்டவை. அதேபோல், கொல்லப்பட்டவர்களின் குடும்பத்துக்குச் சட்டப்படி சேர வேண்டிய இழப்பீட்டுக்காக அலைவதற்கும் மரண தண்டனை ஒழிப்பு பேசுவோர் கூட நிற்க வேண்டும். நிற்காதவரை நம் பேச்சை யாரும் காதில் வாங்கப் போவதில்லை.

செய்யக்கூடியவை நம் ஊரிலேயே இருக்கின்றன. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வழக்கறிஞர் கிடைக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற எண்ணையோ குடும்பத்தார் அணுகலாம். கோவை, சேலம், ஈரோட்டுக் கல்லூரிகளின் சமூகப் பணித் துறை மாணவர்களும் உளவியல் பயின்றவர்களும், எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடு சேர்ந்து குற்றம்சாட்டப்பட்டவரின் ஊருக்குப் போய்ப் பள்ளிப் பதிவேட்டையும் மருத்துவச் சீட்டுகளையும் திரட்டித் தரலாம். கருணை மனுவுக்கு ஆளுநரிடம் 30 நாள், அங்கே நிராகரிக்கப்பட்டால் குடியரசுத் தலைவரிடம் 60 நாள் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கெடு வைத்துவிட்டது. படிப்பறிவு குறைந்த குடும்பத்துக்கு இந்தக் கெடுவை நினைவூட்டவாவது ஒருவர் வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கீழமை நீதிமன்றத்தின் தூக்குத் தீர்ப்பு முதல் பக்கத்தில் வருகிறது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டதோ ரத்தானதோ உள்பக்கத்து மூலையில் நான்கு வரியாக வருகிறது, சில வேளை வருவதே இல்லை. இரண்டையும் ஒரே அளவில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
ஈரோடு.