கணக்குத் தேர்வுக்கு முன்னால் விடைத்தாளைக் கையில் கொடுங்கள்

தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், நான்காம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

வரும் திங்கட்கிழமை கணக்குத் தேர்வு. போர்ஷன் தாள் வந்துவிட்டது. ‘வீட்டில் நன்றாக ரிவிஷன் செய்ய வைக்கவும். கழித்தலில் கூடுதல் கவனம் தேவை’ என்ற குறிப்பும் டைரியில் வந்துவிட்டது. வராதது போன மாதம் பிள்ளைகள் எழுதிய கணக்குத் தேர்வின் விடைத்தாள்தான். திருத்துவதற்கென்று வாங்கிய வகுப்பு நோட்டும் இன்னும் பள்ளியிலேயே இருக்கிறது.

இதை நாங்கள் கேட்பது புதிதல்ல என்பது உங்களுக்கே தெரியும். பெற்றோர் கூட்டத்தில் விடைத்தாளைக் காட்டினீர்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்க்க, மதிப்பெண்ணைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் தாள் திரும்ப வாங்கப்பட்டுவிட்டது. கேட்டால், ‘ஃபைலில் இருக்கணும், ஆய்வுக்கு வந்தால் காட்டணும்’ என்று பதில். ஒன்பது வயதுப் பிள்ளை போட்ட கழித்தலைப் பார்க்க எங்கிருந்தோ ஓர் அதிகாரி வரக்கூடுமாம், அதற்காகப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். அந்தக் கழித்தலைப் போட்ட பிள்ளைக்குத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அந்தத் தாளில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்: 403-லிருந்து 187-ஐக் கழிக்க வேண்டும். சரியான விடை 216.

ஒரு பிள்ளை 384 என்று எழுதுகிறது. 3-க்கும் 7-க்கும் நடுவில் 4, 0-க்கும் 8-க்கும் நடுவில் 8, 4-க்கும் 1-க்கும் நடுவில் 3. எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்றே பார்க்காமல், ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. என் மகள் வீட்டில் இதைத்தான் செய்தாள். ஏன் என்று கேட்டேன். “பெரிய நம்பர்லேர்ந்துதானேம்மா சின்ன நம்பரைக் கழிக்கணும், ஒண்ணாங்கிளாஸ்லயே சொல்லிக் கொடுத்தாங்களே” என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அந்த விதியை எதுவரை பிடித்துக்கொள்ள வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பிள்ளை 226 என்று எழுதும். அதற்குக் கடன் வாங்கத் தெரியும். பத்தாம் இடத்தில் சுழி இருப்பதால் நூறாம் இடத்துக்குப் போய் 4-ஐ 3 ஆக்கி, சுழியைப் 10 ஆக்கிவிடும். அந்தப் பத்திலிருந்து ஒன்றாம் இடத்துக்கு ஒன்று கொடுத்த பிறகு அங்கே 9 என்று எழுதத்தான் மறந்துவிடும். மூன்றாவது பிள்ளை 215 என்று எழுதும். முறையெல்லாம் சரி, 13-லிருந்து 7 போனால் 5 என்று அவசரத்தில் போட்டுவிட்டது.

மூன்று விடைக்கும் உங்கள் சிவப்பு மை ஒரே சுழியைத்தான் போடுகிறது. முதல் பிள்ளைக்கு இடமதிப்பையே ஆரம்பத்திலிருந்து சொல்லித்தர வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு நடுவில் சுழி வரும் கணக்குகளை மட்டும் கொடுத்தால் போதும். மூன்றாவது பிள்ளையை ஒருமுறை சரிபார்க்கப் பழக்கினால் வேலை முடிந்தது. எங்கள் கைக்கு வருவதோ ‘20-க்கு 11’ என்ற ஒரு துண்டுச்சீட்டு. அதை வைத்துக்கொண்டு ரிவிஷன் செய்யச் சொல்வது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

இது ஒரு தாயின் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை அலசி 1978-இலேயே எழுதிவிட்டார்கள். கவனக்குறைவு என்று நாம் ஒதுக்கும் தவறுகளில் பல, பிள்ளை ஒரு தப்பான முறையை அட்சரம் பிசகாமல் பின்பற்றுவதால் வருபவை. அப்படிப்பட்ட பிள்ளையை உட்காரவைத்து இன்னும் ஐம்பது கழித்தல் போடச் சொன்னால் என்ன ஆகும்? ஐம்பதையும் அதே முறையில்தான் போடும். தப்பு இன்னும் நன்றாகப் பதியும்.

‘வீட்டில் புதிதாக ஒரு தாள் எழுதவைத்துப் பாருங்களேன்’ என்று ஓர் ஆசிரியர் சொன்னார். பார்க்கிறோம். ஆனால் வீட்டில், அம்மா பக்கத்தில் இருக்க, நேரக் கெடு இல்லாமல் போடும் கணக்கு வேறு, மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்ற பயத்தில் போடும் கணக்கு வேறு. வீட்டில் சரியாகப் போட்ட பின்னத்தைத் தேர்வில் எப்படிக் கோட்டைவிட்டாள்? அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதினாளா, அல்லது கேள்வியையே தவறாகப் படித்தாளா? அவளுக்கு நினைவில்லை. தாளில் இருக்கிறது. தாள் உங்கள் அலமாரியில் இருக்கிறது.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன்: திருத்திய விடைத்தாளைத் தேர்வுக்கு முன்னால் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

நீங்கள் கொடுத்தனுப்பிய ரிவிஷன் தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் முழுக்கப் பெருக்கல், அடுத்த பக்கம் முழுக்க வகுத்தல். வாக்கியக் கணக்குகளுக்கு மேலேயே ‘கழித்தல்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பிறகு பிள்ளை எதற்குக் கேள்வியைப் படிக்கப்போகிறது? இரண்டு எண்களைப் பொறுக்கியெடுத்துக் கழித்துவிட்டுப் போகிறது. தேர்வில் தலைப்பு இல்லாமல் அதே கேள்வி வந்தால், “கூட்டணுமா கழிக்கணுமா மிஸ்?” என்று நிற்கிறது. கெல்லி டெய்லர், டக் ரோரர் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கே இதைச் செய்து பார்த்தார்கள். பலவகைக் கணக்குகளைக் கலந்து போட்ட பிள்ளைகள் பயிற்சியின்போது தடுமாறினார்கள். ஆனால் மறுநாள் வைத்த சோதனையில், வகைவாரியாகப் போட்டவர்களைப் போல இரண்டு மடங்கு மதிப்பெண் வாங்கினார்கள். வகைவாரியாக அடுக்கிய தாளில் பக்கத்துக்குப் பக்கம் ‘வெரி குட்’ வாங்கிய பிள்ளை தேர்வில் ஏன் முழிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இதில் அந்த ரிவிஷன் தாளுக்கு விடைக்குறிப்பும் கிடையாது. விடை தெரியாமல் இரவு பத்து மணிக்குப் பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் ஃபோன் போட்டு ‘உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?’ என்று விசாரித்துக்கொள்வதை நீங்கள் கேட்டால் சிரிப்பீர்கள்.

நோட்டுக்கு அட்டை போடவில்லை என்றால் அன்றைக்கே டைரியில் குறிப்பு வருகிறது. மார்ஜின் கோணலாகப் போனால் வருகிறது. ரஃப் நோட்டில் போட வேண்டியதை ஃபேர் நோட்டில் போட்டால் வருகிறது. கணக்கு ஏன் தப்பானது என்பதற்கு மட்டும் டைரியில் இடம் கிடைப்பதில்லை. கழித்தல் வராவிட்டால் ‘டியூஷன் வையுங்களேன்’ என்று வாயால் சொல்லியனுப்புகிறீர்கள். டியூஷன் ஆசிரியரும் முதலில் கேட்பது, ‘போன தேர்வுப் பேப்பர் இருக்கா?’ என்றுதான்.

மன்னிக்க வேண்டும், சண்டை போட இதை எழுதவில்லை. வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எவ்வளவு திருத்துகிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒவ்வொரு தாளிலும் விளக்கம் எழுதச் சொல்லவில்லை. எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பதையும் திரும்பப் போடவைப்பதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். தாள் மட்டும் வேண்டும்.

ஃபைலுக்கு அசல்தான் தேவை என்றால், வழிமுறை தெரிகிற மாதிரி ஒரு நகல் போதும். அதுவும் முடியாது என்றால் வெள்ளிக்கிழமை பள்ளி விடும்போது அசலையே பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதை வைத்து உட்காருகிறோம். திங்கட்கிழமை காலை, தேர்வு மணி அடிப்பதற்கு முன்னால், கையெழுத்துடன் கசங்காமல் உங்கள் மேசைக்கு வந்துவிடும். வகுப்பு நோட்டையும் கூடவே அனுப்பினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்