கையில் பாட்டில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தனுஷ்கோடிச் சாலையில் விடியற்காலையில் ஓடுவோரும் நடப்போரும் பெருகி வருவது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் பலர் ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே ஓடுகிறார்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை 9.5 கி.மீ.; போய்த் திரும்ப 19. இருபுறமும் கடல், ஒதுங்க நிழல் கிடையாது. ஒரு கிலோ எடையை ஒரே கையில் சுமந்தால் தோள் இறுகும், கைவீச்சு குறையும், உடல் ஒருபக்கம் சாயும். கை வலிக்கிறதென்று மறுநாள் சின்ன பாட்டில் எடுப்பார்கள். வெயில் ஏறும் நேரத்தில் அது காலியாகிவிடும். ஆபத்து அங்கேதான்.

ஓடுபவருக்கு மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வரை தேவைப்படலாம். கடற்காற்றில் வியர்வையில் ஒரு பகுதி உலர்ந்துவிடுவதால் எவ்வளவு வியர்த்தது என்று சரியாகத் தெரியாது. ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்தது போக இன்னும் ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று பொருள்.

தண்ணீரை உடம்போடு ஒட்டிச் சுமப்பதே நல்லது. மார்பின் இருபுறமும் அரை லிட்டர் மென்குடுவை வைக்கும் ஓட்டச் சட்டை சாலை ஓட்டத்துக்கு ஏற்றது. சதுரகிரி போல மலையேற, பாறையைப் பிடிக்க இரு கையும் வேண்டும். அங்கே முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பையும் உறிஞ்சுகுழாயும்தான் வசதி. பை தோள்பட்டைகளுக்கு நடுவே உயரமாக நிற்க வேண்டும். இடுப்புக்கு இறங்கினால் ஒவ்வோர் அடிக்கும் குதிக்கும். வார்களைத் தண்ணீர் நிரப்பிய பிறகே சரிசெய்யுங்கள். குடிக்கக் குடிக்கத் தளரும், வழியில் மறுபடி இறுக்குங்கள்.

பை சளக் சளக்கென்று ஆடுவதற்குக் காரணம் உள்ளே தங்கும் காற்று. நிரப்பி மூடியதும் தலைகீழாகப் பிடித்து, தண்ணீர் வரும்வரை குழாய் வழியாக உறிஞ்சுங்கள். காற்று முழுதும் வெளியேறிவிடும், ஆட்டமும் நிற்கும். குழாயில் தேங்கும் தண்ணீர் வெயிலில் சுடும். குடித்ததும் ஒரு முறை ஊதி அதைப் பைக்குள் திருப்பிவிடலாம். குழாய்வாயில் மணல் புகுந்தால் அங்குள்ள வால்வு சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், மூடி போட்டதையே வாங்குங்கள்.

வியர்வை உலர்ந்து படியும் உப்பு, வாருக்கு அடியில் அரம் போல் தோலை அறுக்கும். பருத்திப் பனியன் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் புண் அதிகமாகும். பாலியஸ்டர் சட்டை போட்டு, அக்குளிலும் வார் படும் இடத்திலும் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும்போது வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடிப்பதும் தவறு; இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலும் குமட்டலும் வரும். ஓ.ஆர்.எஸ். கரைப்பதானால் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அதையும் குடுவையில் மட்டும் வையுங்கள். பையில் ஊற்றினால் சர்க்கரை தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

வீடு திரும்பியதும் பையையும் சட்டையையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்புக்காற்று பட்ட ஜிப் இறுகிப்போகும். பைக்குள் ஒரு கரண்டியை நிறுத்தி, வாய் திறந்தபடி நிழலில் உலரவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர்,
இராமநாதபுரம்