பரிசோதனை முடிவைச் சொல்லும் நேரம்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் செவிலியர் பள்ளியில் பாடம் எடுக்க ஒப்புக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை. நம் இருவரில் வீட்டில் சும்மா இருக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. கவலைக்குரிய பரிசோதனை முடிவுகளை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்று மாணவிகளுக்குக் கற்பிக்க என் அனுபவத்தைக் கேட்டிருந்தாய். அதில் முதலில் நினைவுக்கு வருவது நான் செய்த பிழையே.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான வி.ஐ.ஏ. பரிசோதனையை நான் செய்துவந்த காலம் அது. அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுதல் அடைந்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரிந்துவிடும். முடிவு அப்போதே தெரிந்துவிடுவதால் அதைச் சொல்ல வேண்டியவளும் செவிலிதான். வெளியே இருபது பேர் வரிசையில் நிற்க, கையுறையைக் கழற்றிக்கொண்டே, “பாசிட்டிவ் வந்திருக்கும்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று ஒரு பெண்ணிடம் சீட்டை நீட்டினேன். அவர் முகமலர்ச்சியோடு போனார். பாசிட்டிவ் என்றால் நல்லது என்று பள்ளியில் படிக்கும் மகள் சொல்லியிருக்கிறாள். எட்டு மாதம் கழித்து வேறு எதற்கோ வந்தபோதுதான், அவர் எங்குமே போகவில்லை என்பது தெரிந்தது. அதே சொல்லைக் கேட்ட இன்னொருவரோ, தனக்கு எச்.ஐ.வி. வந்துவிட்டது என்று எண்ணி ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்திருக்கிறார்.

அதன் பிறகு அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறது, இது புற்றுநோய் என்று பொருளில்லை, ஆனால் கால்போஸ்கோப்பி, அதாவது உருப்பெருக்கிக் கருவியால் கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் சோதனை, செய்து பார்க்காமல் விடக் கூடாது, புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதை எளிதாக அகற்றிவிடலாம் என்று சொல்லி, எந்தக் கிழமை, எந்த அறை, யாரைப் பார்க்க வேண்டும் என்பதைச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுப்பேன். கடைசியில், “வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவீங்க?” என்று கேட்பேன். அவர் தம் சொற்களில் சொல்லும் பதிலைக் கேட்டால்தான், நான் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பது தெரியும்.

கெட்ட செய்தியைப் படிப்படியாகச் சொல்வதற்கென்று நீ குறிப்பிட்டிருந்த ஸ்பைக்ஸ் முறையை நானும் படித்திருக்கிறேன். புற்றுநோய் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அதன் ஆறு படிகளில், இரண்டாவதையும் மூன்றாவதையும்தான் நம் மாணவிகள் தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைக்கிறேன். நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பதும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பதும் அவை. முதல் படியான தனியிடம் நம் வார்டுகளில் எங்கே கிடைக்கும் என்று நீ சிரிப்பாய். நான் டிரெஸ்ஸிங் அறையைத்தான் பயன்படுத்தினேன், நாற்காலி இரண்டு இருந்தால் போதும்.

சதைப் பரிசோதனையின் முடிவை அறிவிப்பது மருத்துவரின் பொறுப்பு. அதை நாம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நோயாளி முதலில் கேட்பது நம்மிடம்தான். “சிஸ்டர், ரிப்போர்ட்ல என்ன போட்டிருக்கு?” என்ற கேள்விக்கு, “ஒண்ணும் இல்ல” என்று பொய் சொல்லும் செவிலியை அவர் பிறகு எதற்கும் நம்பமாட்டார். “டாக்டர் விளக்குவார், அப்போது நானும் உங்கள் பக்கத்தில் இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உண்மையாகவே போய் இருக்க வேண்டும். புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்த பிறகு மருத்துவர் பேசியதில் பாதி மனத்தில் தங்காது. மருத்துவர் போனதும் அவற்றையெல்லாம் மீண்டும் பொறுமையாகச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

வீட்டாரின் தொல்லையைப் பற்றியும் கேட்டிருந்தாய். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று ஒரு மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மாலையில் அந்த அம்மாளின் கட்டிலருகே உட்கார்ந்து, உடம்புக்கு என்ன என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். “எனக்குத் தெரியும்னு அவங்கிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர், தாங்கமாட்டான்” என்றார். இருவரையும் ஒன்றாக உட்கார வைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

இந்த விஷயத்தில் நம் ஊரில் முறையாகப் பழக்கப்பட்ட இடம் என்று கேட்டால், எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையங்களைத்தான் சொல்வேன். 1986இல் சென்னையில் முதன்முதலாக அந்தத் தொற்று கண்டறியப்பட்டபோது இருந்த அச்சத்தை நாம் இருவரும் பார்த்தவர்கள். இன்று அங்கே இரத்தம் எடுப்பதற்கு முன்பே, முடிவு எப்படி வந்தாலும் என்ன செய்யலாம் என்று பேசிவிடுகிறார்கள். சம்மதமும் இரகசியமும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கின்றன. முடிவை முதலில் அறிய வேண்டியவர் கணவரோ மாமியாரோ அல்லர் என்ற ஒழுங்கு, மற்ற நோய்களின் வார்டுகளுக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. உன் மாணவிகளை ஒரு நாள் அங்கே அனுப்பு.

சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதைக் கற்பிப்பதுதான் உனக்குக் கடினமாக இருக்கும். இளம் செவிலியர் அந்த அமைதியைத் தாங்காமல் உடனே “அழாதீங்க” என்பார்கள். அதை ஏட்டில் கற்பிக்க முடியாது. பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஒரு நாள் வருகிறேன், வகுப்பில் இரண்டு நாற்காலி போட்டு நடித்துக் காட்டுவோம். நோயாளியாக நீயே உட்கார், என் முழங்காலுக்கு உயரமான நாற்காலி வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழி