வாரன் ஸீவானுக்கு இன்னும் சில நிமிடங்கள் தாருங்கள்

அமெரிக்காவின் கிளாசிக் ராக் வானொலி நிலையங்களில் பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உள்ள அனைவருக்கும்,

வணக்கம்.

நான் வளர்ந்த வீட்டில் வானொலிக்கு அஞ்சலட்டை எழுதுவது ஒரு வழக்கம். பாடலின் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும், கேட்க விரும்புவோரின் பெயர்களைக் கீழே வரிசையாக எழுத வேண்டும், பிறகு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நிகழ்ச்சிக்கு ‘நேயர் விருப்பம்’ என்று பெயர். இந்த மடலையும் அப்படியொரு அஞ்சலட்டையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் அடங்காத அளவுக்குச் சொல்ல இருப்பதால் நீண்டுவிட்டது.

இரவுப் பணியில் இருக்கும்போது இணையம் வழியாக உங்கள் ஒலிபரப்பைக் கேட்பவன் நான். பல ஆண்டுகளாகக் கேட்கிறேன். அக்டோபர் பிறந்து ஹாலோவீன் நெருங்கினால் போதும், அந்தப் பியானோ வந்துவிடும். ‘வேர்வுல்வ்ஸ் ஆஃப் லண்டன்’. கையில் சீன உணவகத்தின் மெனுவோடு லண்டன் மழையில் நடந்து வரும் ஓநாய் மனிதனின் பாட்டு. நவம்பர் வந்ததும் பாடல் போய்விடும். பாடியவரும் அதோடு போய்விடுவார். அடுத்த அக்டோபர் வரை வாரன் ஸீவான் என்ற பெயரை உங்கள் அறிவிப்பாளர்கள் உச்சரித்து நான் கேட்டதே இல்லை.

அந்தப் பாட்டின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வீட்டில் இருக்கும் சிறிய கீபோர்டில் அதை வாசித்துப் பார்த்திருக்கிறேன். மூன்றே மூன்று சுர அடுக்குகள்: டி, சி, ஜி. பாட்டு முழுவதும் அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் விரலுக்குப் பழகிவிடும். ஆனால் ஸீவான் வாசிப்பதில் உள்ள அந்தத் துள்ளல் எத்தனை முறை முயன்றும் எனக்கு வரவில்லை. இடக்கை தரையில் ஊன்றி நிற்க, வலக்கை அதன் மேல் சற்றே பிந்தி வந்து உட்காருகிறது. அந்தப் பிந்தலில்தான் பாட்டே இருக்கிறது. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் மிக் ஃப்ளீட்வுட் டிரம்ஸ், ஜான் மெக்வி பேஸ் கிட்டார். தலைப்புக்கான யோசனையைத் தந்தவர் பாடகர்களான எவர்லி சகோதரர்களில் ஒருவரான ஃபில் எவர்லி. 1978இல் அமெரிக்கப் பட்டியலில் 21ஆம் இடம் வரை போனது. 1986இல் ‘தி கலர் ஆஃப் மணி’ படத்தில் டாம் க்ரூஸ் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி ஆடியது இதற்குத்தான். 2008இல் கிட் ராக் தன் ‘ஆல் சம்மர் லாங்’ பாடலுக்கு இந்தப் பியானோவை எடுத்துக்கொண்டார். அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. நல்ல பாட்டு. ஒலிபரப்புங்கள்.

ஆனால் அந்த ஒரு பாட்டு அந்த மனிதரையே மறைத்து நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2002இல் அவருடைய சிறந்த பாடல்களின் தொகுப்பு ‘ஜீனியஸ்’ என்ற பெயரில் வந்தது. அதில் அமெரிக்காவின் முதல் நாற்பது இடங்களுக்குள் அவர் குரலிலேயே நுழைந்த பாடல் ஒன்றே ஒன்றுதான், அதே ஓநாய்ப் பாட்டு. மற்றவற்றைப் பட்டியல்கள் கண்டுகொள்ளவில்லை. பட்டியலைப் பார்த்தே பாடல் தேர்ந்தெடுக்கும் நீங்களும் கண்டுகொள்ளவில்லை. நான் அந்தத் தொகுப்பை முதன்முறை கேட்டது ஒரு பின்னிரவில். கேட்டு முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். இவ்வளவையும் இத்தனை காலம் யார் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்ற ஆற்றாமை அன்று வந்தது. அது இன்னும் தீரவில்லை.

ஸீவான் 1947இல் சிகாகோவில் பிறந்தார். தந்தை சூதாட்டக்காரர். கலிஃபோர்னியாவில் வளர்ந்த காலத்தில், பதின்மூன்று வயதையொட்டி, லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்த இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் வீட்டுக்குச் சில முறை போய் வந்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய செவ்வியல் இசையின் மலை போன்ற மனிதர் ஒருவரின் கூடத்தில் உட்கார்ந்து இசைப் பிரதிகளைப் பார்த்த சிறுவன், பிறகு ராக் பக்கம் வந்தான். முதல் தனித் தொகுப்பு விற்கவில்லை. எவர்லி சகோதரர்களுக்குப் பியானோ வாசித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1975இல் எல்லாம் கைவிட்ட நிலையில் ஸ்பெயினின் ஸிட்ஜஸ் ஊரில் ஒரு மதுக்கூடத்தில் பாடிப் பிழைத்தார். அங்கிருந்து அவரைத் திரும்ப அழைத்து வந்து 1976இல் ‘வாரன் ஸீவான்’ என்ற தொகுப்பைத் தயாரித்தவர் நண்பர் ஜாக்சன் பிரவுன்.

அந்த 1976ஆம் ஆண்டுத் தொகுப்புக்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன்.

முதல் பாடல் ‘ஃப்ராங்க் அண்ட் ஜெஸ்ஸி ஜேம்ஸ்’. தனிப் பியானோவில் தொடங்குகிறது. மாதா கோயில் பாட்டின் நிமிர்வும், பழைய மேற்கின் புழுதியும் ஒரே கையில். கண்ணை மூடிக் கேட்டால் இதை எழுதியவன் ஸ்ட்ராவின்ஸ்கி வீட்டு வாசற்படி ஏறியவன் என்பது புரியும். கடைசிப் பாடலான ‘டெஸ்பராடோஸ் அண்டர் தி ஈவ்ஸ்’ தொடங்கும்போது அதே மெட்டு திரும்ப வருகிறது; இம்முறை பியானோவில் இல்லை, வயலின்களில். நாற்பது நிமிடத்துக்கும் குறைவான ஒரு இசைத்தட்டில், கொள்ளையர்களின் வீர கதையில் தொடங்கிய மெட்டு, ஒரு விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் குடிகாரனிடம் வந்து சேர்கிறது. இப்படி யோசிக்கிற ராக் பாடலாசிரியர்கள் எத்தனை பேர்?

அந்தக் கடைசிப் பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஹாலிவுட் ஹவாயன் ஹோட்டல். அங்கே ஒருவன் காலியான காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கையில் காசில்லை. கலிஃபோர்னியா முழுவதும் நிலநடுக்கத்தில் கடலுக்குள் சரிந்து போனாலும், தன் பாக்கியைக் கட்டும் வரை இந்த விடுதி மட்டும் நின்றுகொண்டிருக்கும் என்று நினைக்கிறான். கடன்பட்டவன் மட்டுமே எழுதக்கூடிய எண்ணம் அது. பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். எந்தச் சத்தமும் இல்லை, ஏர்கண்டிஷனர் இரைகிறது. அந்த இரைச்சலை ஸீவான் உதடு பிரிக்காமல் முனகுகிறார். அவ்வளவுதான், முனகல். இயந்திரத்தின் சுருதியோடு ஒரு மனிதன் சேர்ந்துகொள்கிறான், வேறு துணை இல்லாததால். அந்த முனகலின் மேல் வயலின்கள் மெல்ல ஏறுகின்றன, பிறகு குரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அந்தப் பின்னணிக் குரல்களை அமைத்தவர் பீச் பாய்ஸ் குழுவின் கார்ல் வில்சன். ஒரு தெருவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அவை எழும்பும் இடத்தில், ஏர்கண்டிஷனர் எப்போது கோயிலானது என்று நமக்குத் தெரிவதில்லை.

இரவுப் பணியில் எங்கள் தளத்தில் ஏழெட்டுப் பேர்தான் இருப்போம். இரண்டு மணிக்கு மேல் பேச்சு அடங்கிவிடும். தலைக்கு மேலே ஏர்கண்டிஷனர் மட்டும் இரையும். இந்தப் பாட்டைக் கேட்ட பிறகு அந்தச் சத்தம் எனக்கு வெறும் சத்தமாக இல்லை. அதன் சுருதியைத் தேடி நானும் உதட்டுக்குள் முனகியிருக்கிறேன். ஒரு பாட்டு ஒருவனுக்கு இவ்வளவு செய்ய முடியும் என்றால் அதை வருடத்துக்கு ஒரு முறையாவது ஒலிபரப்பக் கூடாதா?

அதே தொகுப்பில் உங்களைப் பற்றியே ஒரு பாட்டு இருக்கிறது. ‘முஹம்மத்ஸ் ரேடியோ’. நாள் முழுவதும் உழைத்தும் பெட்ரோலுக்கும் கறிக்கும் காசு போதாதவர்கள், எங்கேயோ ஒரு வானொலியில் இனிமையான ஒன்றைக் கேட்டு ஆறுதல் அடைகிறார்கள். வானொலியை இவ்வளவு மரியாதையோடு பாடிய மனிதருக்கு வானொலி திருப்பித் தந்தது என்ன என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அவருடைய பாடல்களை மற்றவர்கள் பாடினால் நீங்கள் ஒலிபரப்பியிருக்கிறீர்கள். லிண்டா ரான்ஸ்டாட் ‘ஹேஸ்டன் டவுன் தி விண்ட்’ பாட்டின் பெயரையே தன் 1976ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு வைத்தார். ‘புவர் புவர் பிட்டிஃபுல் மீ’ அவர் குரலில் 1978இல் 31ஆம் இடம் வரை போனது. 1996இல் டெர்ரி கிளார்க் அதையே கன்ட்ரி இசைப் பாணியில் பாடி இன்னொரு சுற்று வெற்றி பெற்றார். இருவரும் அருமையாகப் பாடினார்கள். ஆனால் ரான்ஸ்டாட் குரலில் அழகாக ஒளிரும் ‘கார்மெலிடா’, ஸீவான் குரலில் நடுங்குகிறது. போதைப்பழக்கத்தில் மூழ்கிக்கொண்டிருப்பவன் காதலியின் கையைப் பற்றிக்கொள்ளக் கெஞ்சும் பாட்டு அது. நடுக்கம்தான் அதற்குச் சரி.

‘எக்ஸைட்டபிள் பாய்’ தொகுப்பிலிருந்து ஓநாயை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். பக்கத்திலேயே ‘ஆக்ஸிடென்டலி லைக் எ மார்ட்டர்’ இருக்கிறது. பிரிவைப் பற்றி இதைவிட அடக்கமாக ஒரு பியானோ பேசி நான் கேட்டதில்லை. 2002 இலையுதிர் காலத்தில், ஸீவானின் நோய்ச் செய்தி வெளியான பிறகு, பாப் டிலன் தன் மேடைகளில் பாடிய ஸீவான் பாடல்களுள் இதுவும் ஒன்று. டிலன் பாடத் தகுந்தது என்று நினைத்த பாட்டு உங்கள் பட்டியலுக்குத் தகுதியில்லாமல் போகுமா?

எண்பதுகளின் பாடல்களுக்கு நான் அதிகம் வாதாட மாட்டேன். குடிப்பழக்கம் அவரைப் படுத்திய காலம். இசைத்தட்டு நிறுவனமும் கைவிட்டது. ஆர்.இ.எம். குழுவினர் மூவர் துணையோடு 1987இல் ‘சென்டிமென்டல் ஹைஜீன்’ மூலம் மீண்டு வந்தார். அந்தக் காலத்துப் பதிவுகளில் டிரம்ஸ் ஓசை பியானோவை நசுக்குகிறது என்பது என் எண்ணம். பியானோ கலைஞரைத் தனியாகக் கேட்க விரும்பினால் 1993இல் வந்த ‘லேர்னிங் டு ஃப்ளின்ச்’ நேரடிப் பதிவைக் கேளுங்கள். குழு இல்லை. ஒரு மனிதர், ஒரு பியானோ, ஒரு கிட்டார். அதில் வரும் ‘பியானோ ஃபைட்டர்’ பாட்டில் அவர் கட்டைகளை அடிப்பதைக் கேட்டால், வாத்தியத்தை வாழ்நாள் எதிரியாகவும் துணையாகவும் கொண்டவர் என்று தெரியும்.

2000இல் ‘டோன்ட் லெட் அஸ் கெட் சிக்’ என்று ஒரு பாட்டு எழுதினார். நோய் வேண்டாம், முதுமை வேண்டாம், மூடத்தனம் வேண்டாம், இன்றிரவு நாம் சேர்ந்திருந்தால் போதும் என்கிற எளிய வேண்டுதல். இரண்டு ஆண்டுகள் கழித்து, மீசோதீலியோமா என்ற, ஆஸ்பெஸ்டாஸ் தூசியோடு தொடர்புடைய, குணப்படுத்த முடியாத புற்றுநோய் அவருக்கு வந்தது. சில மாதங்கள்தான் என்றார்கள். 2002 அக்டோபர் 30 அன்று தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மன் தன் நிகழ்ச்சி முழுவதையும் அவர் ஒருவருக்காகவே ஒதுக்கினார். வாழ்வையும் சாவையும் பற்றி இப்போது என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டதற்கு, ஒவ்வொரு சாண்ட்விச்சையும் ரசித்துச் சாப்பிட வேண்டும் என்றார் ஸீவான். அந்தப் பதிலைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பதிலுக்குப் பின் அவர் பாடியதையும் கேளுங்கள் என்பேன். ‘மியூட்டினியர்’ பாடும்போது குரல் தளர்ந்திருந்தது. ஆனால் ஒரு சொல்லைக்கூட அவர் கைவிடவில்லை.

பிறகு அவருடைய கடைசித் தொகுப்பான ‘தி விண்ட்’. ஸ்பிரிங்ஸ்டீன், டாம் பெட்டி, எம்மிலூ ஹாரிஸ், ரை கூடர் என்று நண்பர்கள் வந்து உடன் நின்றார்கள். கடைசிப் பாட்டான ‘கீப் மீ இன் யுவர் ஹார்ட்’டை ஹோர்ஹே கால்டெரோனுடன் சேர்ந்து எழுதினார். ஸ்டூடியோவுக்குப் போக உடம்பில் தெம்பில்லாததால் வீட்டிலேயே பதிவு செய்தார்கள். 2003 ஆகஸ்ட் 26 அன்று தொகுப்பு வெளியானது. செப்டம்பர் 7 அன்று அவர் இறந்தார். வயது 56. அடுத்த ஆண்டு இரண்டு கிராமி விருதுகள் வந்தன.

கிளீவ்லண்டில் இருக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 2025இல் ஒருவழியாக அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் சார்பில் பில்லி ஜோயல் போன்றவர்கள் முன்னரே எழுதிக் கேட்டிருந்தார்கள். அன்று மேடையில் அவரைப் பற்றிப் பேசியவர் லெட்டர்மன். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கலைஞர்கள் பிரிவில் சேர்க்காமல், பிறர்மீது தாக்கம் செலுத்தியவர் என்ற பிரிவில் சேர்த்தார்கள். பிறர் வளர உரமாக இருந்தார் என்று சொல்வது போல. அவரும் ஒரு மரம்தான். நேரடியாக அந்த நிழலில் உட்கார நேயர்களுக்கு வாய்ப்புத் தர உங்களால் முடியும். விருதுக் குழுக்களால் முடியாது.

என் விருப்பம் இதுதான். அக்டோபரில் ஓநாய் வரட்டும். வேறு ஏதாவது மாதத்தில், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், ‘ஃப்ராங்க் அண்ட் ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ போடுங்கள். மாலையில் மக்கள் வேலை முடிந்து கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் நேரத்தில் ‘முஹம்மத்ஸ் ரேடியோ’ போடுங்கள். செப்டம்பர் 7 அன்று, நள்ளிரவு தாண்டி, ‘டெஸ்பராடோஸ் அண்டர் தி ஈவ்ஸ்’ போடுங்கள். கடைசி ஒன்றரை நிமிடத்தில் குரல்கள் எழும்பும்போது அறிவிப்பாளர் பேசத் தொடங்க வேண்டாம். வயலின்கள் முழுவதும் ஓயும் வரை மைக்கை மூடியே வைத்திருங்கள்.

கேட்க விரும்புவோர்: நானும், எங்கள் இரவுப் பணித் தளத்தில் உள்ள ஆறு பேரும்.

இப்படிக்கு,
உங்கள் நேயர்