கலாவுக்கு: அந்தப் பட்டியலை மூடி வை

அன்புள்ள கலா,

உன் மெயில் பார்த்தேன். புது வேலை கிடைத்தது, அங்கே எல்லாரிடமும் ஆங்கிலத்திலேயே பேசி எழுத வேண்டியிருப்பது, ராத்திரி உட்கார்ந்து ஃப்ரேசல் வெர்ப் (அப், ஆஃப் மாதிரி சின்னச் சொல் ஒட்டி வரும் வினை) பட்டியலை மனப்பாடம் செய்வது எல்லாம் படித்து சந்தோஷமாக இருந்தது, அந்தப் பட்டியல் விஷயம் மட்டும் கொஞ்சம் கவலை. இங்கே அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுபடியும் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். நான் வழக்கம்போல மாலையில் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் உன் கேள்விகளைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

முதலில் அந்தப் பட்டியலை மூடி வை. கெட் அப், கெட் ஓவர், கெட் அலாங், கெட் அவே வித் என்று ஒரே வினையை வரிசையாகப் படித்தால் மறுநாள் எதற்கு எது என்று குழம்பத்தான் செய்யும். குழந்தையைப் பார், குழந்தையைப் பார்த்துக்கொள், இந்த இரண்டும் வேறு வேறு என்று நமக்கு யாராவது பட்டியல் போட்டா சொல்லித்தந்தார்கள்? லுக் அட், லுக் ஆஃப்டர் என்பதும் அப்படித்தான், ஒட்டிக்கொண்டு வருகிற சின்னச் சொல் வினையின் பொருளையே திருப்பிவிடுகிறது. ஈட் அப், யூஸ் அப் என்று வரும்போது அந்த 'அப்' நம் 'விடு' போல, சாப்பிட்டுவிடு, தீர்த்துவிடு என்று வேலை முழுசாக முடிவதைச் சொல்கிறது. எல்லா 'அப்'பும் அப்படி இல்லை, லுக் அப் என்றால் அகராதியில் தேடுவது. அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தோடு, யார் எதைச் செய்தார் என்பதோடு சேர்த்துப் பழகு.

செயப்படுபொருள் எங்கே வரும் என்று கேட்டிருந்தாய், அது நல்ல கேள்வி. டர்ன் ஆஃப் த லைட், டர்ன் த லைட் ஆஃப், இரண்டும் சரி. ஆனால் லைட்டுக்குப் பதில் 'இட்' போட்டால் அது நடுவில்தான் வர வேண்டும்: டர்ன் இட் ஆஃப். டர்ன் ஆஃப் இட் என்பது தப்பு. லுக் ஆஃப்டர் மாதிரி சில வினைகள் பிரியவே பிரியாது, லுக் ஆஃப்டர் ஹெர் என்றுதான் வரும். புட் அப் வித் (பொறுத்துக்கொள்வது), ரன் அவுட் ஆஃப் (கையிருப்பு தீர்ந்துபோவது) போன்ற மூன்று சொல் வினைகளும் பெரும்பாலும் அப்படியே. அப்புறம், ஆபீஸில் புட் ஆஃப், கால் ஆஃப் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதே. மீட்டிங்கை புட் ஆஃப் செய்தால் தள்ளிவைத்தது, கால் ஆஃப் செய்தால் ரத்து, மாற்றிச் சொன்னால் நாலு பேர் வராமல் போய்விடுவார்கள்.

ஆனால் உன் மெயில்களில் நான் பார்த்தவரை ஃப்ரேசல் வெர்பை விடப் பெரிய சிக்கல் சாதாரண வினை வடிவம்தான், அதை முதலில் சரிசெய். 'ஐ டிட் நாட் வென்ட்' என்று எழுதியிருக்கிறாய். தமிழில் 'போகவில்லை' என்கிறோம், அதில் 'போக' காலம் காட்டுகிறதா? இல்லை. ஆங்கிலத்திலும் டிட் வந்துவிட்டால் காலத்தை அதுவே சுமக்கும், பின்னால் வெறும் 'கோ' போதும். கேள்விக்கும் இதே கணக்கு, 'டிட் யூ கோ'.

அதே மெயிலில் 'ஐ ஹேவ் சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே' என்று ஒரு வரி. 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்று நாம் தாராளமாகச் சொல்வோம், அந்தப் பழக்கம் அப்படியே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் முடிந்துபோன நேரத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் ஹேவ் வராது: ஐ சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே. நேரம் சொல்லாமல், அனுப்பியாகிவிட்டது என்று மட்டும் தெரிவிக்க ஐ ஹேவ் சென்ட் த ஃபைல். இதற்கு நேர்மாறான இடமும் உண்டு, '2019-லிருந்து இங்கே வேலை செய்கிறேன்' என்பதை நம்மில் பலர் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019' என்று சொல்கிறோம், அங்கே ஹேவ் கட்டாயம்: ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019. இந்த இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பார், காது பழகினால் கை தானாக எழுதும்.

அப்புறம், உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன் என்பதற்கு லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ இல்லை, லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ. அந்த 'டு'வுக்குப் பின்னால் 'இட்' வைத்துப் பார், லுக் ஃபார்வர்ட் டு இட் என்று பொருந்துகிறதல்லவா, அப்படிப் பொருந்தினால் அதன் பின் வருகிற வினைக்கு 'இங்' வேண்டும். ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் லேட் என்பதும் அப்படித்தான், ராத்திரி வேலை பழகிவிட்டது என்று அர்த்தம். 'ஆம்' இல்லாமல் ஐ யூஸ்ட் டு வொர்க் லேட் என்றால் முன்பு செய்தேன், இப்போது இல்லை. டிஸ்கஸ் பின்னால் அபௌட் வேண்டாம், அவ்வளவுதான், அதற்கு விளக்கம் தேவையில்லை.

நீ படித்தவள், இதெல்லாம் உனக்குச் சீக்கிரம் பிடிபடும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய ரிப்போர்ட்டை முதலில் எனக்கு அனுப்பு, வினைகளுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன், நீயே திருத்து. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சுமதி