திருநள்ளாற்றுக்குச் செயற்கைக்கோள் சாட்சி தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், பிரதோஷம் என்றால் சோமேசுவரர் கோயிலில் இருப்பவள். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கடிதங்களில் எழுதியவர் பக்தரா பகுத்தறிவாளரா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே படிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம்.

விஷயம் இதுதான். நம் பத்திரிகைகளின் ஆன்மிகப் பக்கங்களில் கோயில்களுக்கு "அறிவியல் ஆதாரம்" தேடித் தருகிற கட்டுரைகள் பெருகிவிட்டன. வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றுவதெல்லாம் அச்சுக்கு வந்துவிடுகிறது. திருநள்ளாறு மேலே பறக்கும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றனவாம், சனியின் கதிர்தான் காரணமாம், நாசா விஞ்ஞானிகளே திகைத்துப் போனார்களாம். எங்கள் தெருவில் இதைச் சொல்லாதவர்கள் இல்லை. பூமிக்கு அருகில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் போகிறது. மூன்று விநாடியில் 22 கிலோமீட்டர், அதாவது திருநள்ளாற்றிலிருந்து கிழக்கே பார்த்தால் காரைக்கால் கரையைத் தாண்டிக் கடலுக்குள் போயிருக்கும். அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. ஒரு தடவை நின்றால் அப்புறம் அது செயற்கைக்கோளே இல்லை, விழுந்துவிடும். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தெரிகிற வகை ஒன்று உண்டு, அவை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருப்பவை, திருநள்ளாற்றைக் கடந்து போவதே கிடையாது. இஸ்ரோ தன் செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கிற மையம் எங்கள் ஊர் பீன்யாவில்தான் இருக்கிறது. நின்றதா நிற்கவில்லையா என்று கேட்க நாசா வரை போக வேண்டியதில்லை.

தகவல் தப்பு என்பதோடு முடிந்திருந்தால் ஒரு திருத்தம் கேட்டு நாலு வரி எழுதியிருப்பேன். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் இருக்கிறது. திருநள்ளாற்றுக்குப் போகிறவர் எதற்காகப் போகிறார்? நளன் நாட்டை இழந்தான், மனைவியைப் பிரிந்தான், உருவம் மாறி இன்னொருவனிடம் தேரோட்டினான், கடைசியில் எல்லாம் திரும்பக் கிடைத்தது. அந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு குளத்தில் மூழ்கி எழுகிறவருக்கு வேண்டியது கெட்ட காலத்தைக் கடக்கிற திடம். அதற்கு ஒரு செயற்கைக்கோள் வந்து சாட்சி சொல்ல வேண்டுமா? அப்படிச் சாட்சி வைத்துக் கொடுத்த நம்பிக்கையோடு வளர்கிற பையன் பத்தாம் வகுப்பில் சுற்றுப்பாதை பற்றிப் படித்த அன்றே கதை பொய் என்று கண்டுபிடிப்பான், கதையோடு கோயிலையும் சேர்த்துத் தூக்கிப் போடுவான். நான் வகுப்பறையில் பார்த்தது இது. நாத்திகப் பிரச்சாரத்தால் நம்பிக்கை இழந்த பிள்ளைகளைவிட, இப்படிப் போலி அறிவியலால் ஏமாந்து வெறுத்துப் போன பிள்ளைகள்தான் என் கண்ணில் அதிகம் பட்டார்கள்.

இது இந்துக்களின் பிரச்சினை மட்டும் இல்லை. பைபிளிலும் குர்ஆனிலும் இன்றைய இயற்பியலைத் தேடி எடுத்துக் காட்டுகிற புத்தகங்கள் சிவாஜிநகர் கடைகளிலும் கிடைக்கும். இந்த இடத்தில் ஜார்ஜ் லெமெத்ரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார், பெரிய கணித அறிஞர். பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதினார், எல்லாம் ஒரு ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931இல் எழுதினார், பெருவெடிப்புக் கொள்கைக்கு மூலம் அதுதான். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் தன் உரை ஒன்றில் இந்த அறிவியலைப் படைப்புக்கு ஆதரவாக எடுத்துப் பேசினார். தன் கண்டுபிடிப்பை போப்பே எடுத்துப் பேசுகிறார், ஒரு பாதிரியாருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் லெமெத்ர் சங்கடப்பட்டார். என் கொள்கை கடவுள் உண்டு என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, அது அந்தக் கேள்விக்கு வெளியே நிற்பது என்பதுதான் அவர் நிலை. கொள்கை நாளைக்கு மாறலாம், மாறுவதுதான் அறிவியலின் இயல்பு, மாறினால் அதில் கட்டிவைத்த கடவுளை என்ன செய்வது? இறுதி வரை பூசை செய்த ஒரு பாதிரியார் இந்த எச்சரிக்கையோடு இருந்தார் என்பதை நம் ஆன்மிக எழுத்தாளர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எங்கள் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கவிபுரத்தில் குகைக்குள் இருக்கும் கங்காதரேசுவரர் கோயில். சங்கராந்தி அன்று மாலையில் சூரிய ஒளி சாளரத்தின் வழியாக வந்து, நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து, லிங்கத்தின் மேல் விழும். கூட்டம் தாங்காது, டிவிக்காரர்கள் நேரலை போடுவார்கள், அன்று மேகம் மறைத்துவிட்டால் என்ன கெடுதல் வரப்போகிறதோ என்று ஜோசியர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இதே ஒளி நவம்பர் கடைசியிலும் விழுகிறது. ஏன் என்றால், சூரியன் டிசம்பர் 21 வாக்கில் தென்கோடியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது, போகும்போது எந்த இடத்தில் இருந்ததோ வரும்போதும் அந்த இடத்துக்கு வந்துதானே ஆக வேண்டும், ஜனவரி நடுவில் நிற்கிற இடமும் நவம்பர் கடைசியில் நின்ற இடமும் ஒன்றே. பெங்களூரு நேரு கோளரங்கத்தோடு தொடர்புடையவர்கள் இதை அளந்து 2008இல் கரண்ட் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். அதோடு நிற்கவில்லை, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள் வரைந்த படங்களோடு இன்றைய கட்டடத்தை ஒப்பிட்டுப் பார்த்து, பிற்காலத்தில் சேர்த்த கட்டுமானங்கள் இருக்கின்றன, முதலில் ஒளி விழுந்தது சூரியன் திசை திரும்பும் நாட்களை ஒட்டியே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

இதைத்தான் நான் உண்மையான ஆராய்ச்சி என்பேன். கோயிலைக் குறைத்துப் பேசவும் இல்லை, தூக்கிப் பிடிக்கவும் இல்லை, கட்டியவர்கள் வானத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது இதனால் இன்னும் நன்றாகத் தெரிகிறது. இந்த விவரமெல்லாம் தெரிந்த பிறகும் எனக்கு அந்த மாலையில் கை கூப்பத்தான் தோன்றுகிறது. ஒளி ஏன் விழுகிறது என்பதற்குக் கோணக் கணக்கு பதில் சொல்கிறது. அதைப் பார்த்து மனிதன் ஏன் கை கூப்புகிறான் என்பது வேறு கேள்வி, அதற்குக் கோணமானி உதவாது. மேகம் மறைத்தால் நாட்டுக்குக் கெடுதல் என்பதோ மூன்றாவது வகை, அது பரிசோதிக்கக்கூடிய ஒரு கூற்று, அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சொல்லித் தருவதுதான் தத்துவத்தின் வேலை, நம் பேச்சில் அது காணாமல் போய்விட்டது.

பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் கர்நாடகத்திலேயே பார்த்தோம். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று கலபுரகி பக்கம் தாஜ்சுல்தான்பூரில் உடற்குறை உள்ள குழந்தைகளைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து வைத்திருந்தார்கள், குணமாகிவிடும் என்று. குழந்தைகள் அழுத படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. கிரகணம் பூமி, நிலவு இவற்றின் நிழல்தான் என்று ஆரியபட்டர் எழுதி 1,500 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கிரகண நேரத்தில் நடை சாத்துவது வேறு, அது ஒரு மரபு, யாருக்கும் கேடில்லை, சாத்திக்கொள்ளட்டும். ஒரு சடங்கு உடம்பைக் குணமாக்கும் என்று யார் சொன்னாலும், எந்த மதத்தின் பெயரால் சொன்னாலும், அது மருத்துவம் பற்றிய கூற்று ஆகிவிடுகிறது, மருத்துவச் சோதனைக்கு நின்றே ஆக வேண்டும். அங்கே "மனம் புண்படுகிறது" என்பது பதிலாகாது. பெங்களூரு பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மய்யா 1976இல் அற்புதங்களை ஆராய ஒரு குழு அமைத்தபோது கேட்டது இவ்வளவுதான்.

சரி, மறுபக்கத்துக்கும் வருகிறேன். என் அக்கா மகன் ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான், கெட்டிக்காரன். "சித்தி, அறிவியலால் நிரூபிக்க முடியாத எதையும் நான் ஏற்க மாட்டேன்" என்பான். இந்த வாக்கியத்தை எந்தப் பரிசோதனைச் சாலையில் நிரூபித்தாய் என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நேற்று வரை நடந்தது நாளையும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் எந்த அறிவியலும் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது, அப்படி எடுத்துக்கொள்வதற்கு என்ன நியாயம் என்று ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் கேட்ட கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் இன்னும் இல்லை. நம் மணிமேகலையிலும் இந்த வாதம் இருக்கிறது. வஞ்சி மாநகரில் அவள் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கண்ணால் காண்பதுதான் அறிவு, அனுமானம் செல்லாது என்கிறான் பூதவாதி. அப்படியானால் உன் தாய் தகப்பனை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். காவியத்தின் நடுவே ஒரு பெண் அறிவின் அடிப்படையை விசாரிக்கிற காதையை எழுதி வைத்த மொழி இது.

சைவர்களும் சளைத்தவர்கள் இல்லை. சைவ சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞான போதத்தை மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று வரிசை வைத்து வாதமாக விரித்திருக்கிறார்கள். அருணந்தி சிவாசாரியார் தன் சிவஞான சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் முதலில் எடுத்துக்கொள்வது உலகாயதத்தை, கடவுளே இல்லை என்பவர்களுடைய வாதத்தை முழுசாகச் சொல்லிவிட்டு அப்புறம்தான் மறுக்கிறார். அவருடைய முடிவை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. எதிராளியின் வாதத்தை அவனைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பக்தி அது, இன்றைக்கு ஆன்மிக மேடைகளில் அப்படி ஒரு பேச்சு கேட்கக் கிடைப்பதில்லை, பகுத்தறிவு மேடைகளிலும் அரிதாகிவிட்டது.

பக்தி இருந்தால் அறிவியல் வராது என்பதும் உண்மையில்லை, பக்தி இருந்தால்தான் வரும் என்பதும் உண்மையில்லை. 1979இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த இறைப்பற்றுள்ள முஸ்லிம், ஸ்டீவன் வெயின்பெர்க் வெளிப்படையான நாத்திகர், கண்டுபிடித்தது ஒரே கொள்கை. ராமானுஜன் தன் கணிதத்தை நாமகிரித் தாயார் தந்தது என்றார், அவரை இங்கிலாந்துக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டி நிரூபணம் கேட்டார், பகா எண்கள் பற்றி ராமானுஜன் எழுதி அனுப்பியவற்றில் சில தவறு என்றும் தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்பது அவருடைய நம்பிக்கை, சரியா தவறா என்பது நிரூபணத்தின் வேலை.

அறிவியல் தனியாக முடிவு செய்ய முடியாத இடம் எது என்று கேட்பவர்களை நான் ஐசியூ வாசலைப் பார்க்கச் சொல்வேன். மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காப்புக் கருவியை நிறுத்தலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையின் பகுதி என்றது. அதைச் செயல்படுத்தக் கர்நாடக அரசு 2025 ஜனவரியில் ஆணை போட்டது. பிழைக்கிற வாய்ப்பு எவ்வளவு என்று டாக்டர் சொல்வார், சொல்ல வேண்டியதும் அவர்தான். ஆனால் நிறுத்தலாமா என்பது அந்த எண்ணிக்கையிலிருந்து தானாக வந்துவிடாது. கண்ணியம் என்றால் என்ன, அப்பாவுக்குப் பதில் நான் முடிவெடுக்கலாமா, வலியை நீட்டிப்பது அன்பா, இவையெல்லாம் தத்துவக் கேள்விகள். உயிர் யார் கொடுத்தது, யார் எடுப்பது என்று அந்தக் குடும்பம் நம்புவதும் அங்கே வந்து நிற்கும், அதைக் கேலி செய்துவிட்டு யாரும் நல்ல முடிவுக்கு வர முடியாது. பெங்களூரில் இந்த நிலையில் நிற்கிற தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கு நம் ஆன்மிகப் பக்கமும் உதவவில்லை, அறிவியல் பக்கமும் உதவவில்லை.

ஆகவே ஆசிரியருக்கு என் வேண்டுகோள். ஒரு வழிபாட்டுக்கு அறிவியல் காரணம் உண்டு என்று யாராவது எழுதி அனுப்பினால், யார் எப்போது எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் அந்த வரியை எடுத்துவிட்டு வழிபாட்டின் கதையை, இசையை, பொருளை எழுதச் சொல்லுங்கள், அதில் எழுத எவ்வளவோ இருக்கிறது. அறிவியல் செய்திகளில் "கடவுள் துகள் கண்டுபிடிப்பு" மாதிரி தலைப்புகளையும் நிறுத்துங்கள். வாரம் அரைப் பக்கம் தத்துவத்துக்கு ஒதுக்குங்கள். மணிமேகலையின் அளவைகளையும் (எதை வைத்து ஒன்றை அறிகிறோம் என்ற விசாரணை) ஹியூமையும் பக்கத்தில் வைத்து எழுதக்கூடிய பேராசிரியர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், கேட்டால் எழுதுவார்கள். முதல் கட்டுரையை ஐசியூ கேள்வியிலிருந்தே தொடங்கலாம் என்பது என் யோசனை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
அல்சூர், பெங்களூரு